வளைந்த வேலைக்கு எந்த இழைப்புளி? கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்



மளிகைக் கடைக்காரர்கள் அதிகம் படிக்கும் நமது இதழில், தச்சு ஆசாரி கையாளும் இழைப்புளியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இரும்புக் கடைக்காரர் பாடு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அய்யலூரிலிருந்து ஓர் இழைப்புளி வாங்கத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறுகிற ஆசாரி, திரும்பி வரும்போது இழைப்புளியை மட்டும் கொண்டு வருவதில்லை. உளுத்தம்பருப்பு, கடலை எண்ணெய், பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், வீட்டுக்காரம்மாவுக்குச் சேலை எல்லாம் அதே பையில் வந்து சேருகின்றன. இப்போது பஸ் ஏறவும் வேண்டியதில்லை. கைப்பேசியில் விரலை வைத்தால் வீட்டு வாசலுக்கே பொருள் வருகிறது. ஆக, ஊர்க் கடையில் ஒரு கருவி இல்லாமல் போனால் நட்டம் இரும்புக் கடைக்கு மட்டுமல்ல, கடைத்தெரு முழுவதற்கும்தான்.

நம்மைப் போன்ற சிற்றூர்களில் மளிகைக் கடை, இரும்புக் கடை என்ற வேலியும் அவ்வளவு உயரமானதல்ல. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஆணியும், கயிறும், பூட்டும், மண்வெட்டியும் வைத்து விற்கும் கடைகள் ஏராளம். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர் ஆட்டை விற்ற கையோடு ஒரே கடையில் எல்லாம் வாங்கிப் போகத்தான் விரும்புவார். ஆகவே இது நம் அனைவருக்கும் பொதுவான விஷயம் என்பது என் கருத்து.

வளைந்த வேலை எங்கே இருக்கிறது?

நேரான பலகையை இழைக்க எந்தக் கடையிலும் இழைப்புளி கிடைக்கும். சிக்கல் வளைந்த மரத்தில்தான் வருகிறது. மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வில்லாக வளைந்த வட்டைகள், அதன் மேல் இரும்புப் பட்டா. வட்டையின் வெளிப்பக்கம் ஒரு வளைவு, உட்பக்கம் வேறொரு வளைவு. ஆரக்காலோ நீளத்தில் நேராகவும் சுற்றளவில் உருண்டையாகவும் இருக்கும். ஒரே சக்கரத்தில் மூன்று விதமான வேலை!

மாட்டு வண்டி குறைந்துவிட்டது உண்மை. அய்யலூர் வண்டிக் கருப்பணசாமி கோயிலில் இன்று நின்று கும்பிட்டுப் போகிறவை பெரும்பாலும் லாரியும் காரும்தான். திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஆனால் தேரின் மேல்பாகம் இன்றும் மரம்தான். வளைந்த வேலை ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. தொட்டிலின் ஆடுகால், நாற்காலியின் கைப்பிடி, கட்டில் தலைப்பக்கம், வீட்டு நிலைக்கு மேல் வரும் வளைவு, ஊஞ்சல் பலகையின் ஓரம், ஏர் நுகத்தடி, கோயில் வாகனங்கள் என்று பட்டியல் நீளும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையின் குடம், பலா மரத்தைக் குடைந்து செய்வது. 2020-ல் அதே குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்தில் நேர்கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த வேலைகளை எல்லாம் செய்கிற கைகளுக்குக் கருவி விற்கிற கடை எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்? அது ஏன் நமது கடையாக இருக்கக் கூடாது?

மூன்று கேள்விகள்

"வளைவுக்கு ஓர் இழைப்புளி கொடுங்கள்" என்று ஆசாரி கேட்டால், அலமாரியிலிருந்து எதையாவது எடுத்து நீட்டுவது வியாபாரம் ஆகாது. மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: வளைவு நீளவாக்கிலா, அகலவாக்கிலா? வட்டை போல நீளவாக்கில் வளைந்தால், அடித்தகடு வில்லாக வளையும் இழைப்புளி வேண்டும். இதை ஆங்கிலத்தில் காம்பஸ் பிளேன் என்பார்கள். மெல்லிய எஃகுத் தகடுதான் இதன் அடிப்பாகம். மேலே உள்ள திருகைத் திருகினால் அடித்தகடு உள்ளே குழியும், மாற்றித் திருகினால் வெளியே புடைக்கும். ஸ்டான்லி 113, ஸ்டான்லி 20, ரெக்கார்டு 020 என்ற எண்களில் உலகம் முழுவதும் பேர் வாங்கியது இந்த ரகம். நாற்காலியின் உட்காரும் பலகை போல அகலவாக்கில் குழிய வேண்டுமானால், அடிப்பாகமும் தகட்டின் முனையும் உருண்டையாக உள்ள சிறு இழைப்புளி வேண்டும். இது அந்த வேலையைச் செய்யாது. அது இந்த வேலையைச் செய்யாது.

இரண்டாவது கேள்வி: உள்வளைவா, வெளிவளைவா? வெளிவளைவு இலேசாக இருந்தால் சாதாரண தட்டை இழைப்புளியே போதும். பட்டை பட்டையாக விழும். பிறகு அரத்தாலும் உப்புத்தாளாலும் சரி செய்து கொள்ளலாம். உள்வளைவில் தட்டை இழைப்புளி அறவே உதவாது. அதன் முன் முனையும் பின் முனையும் மரத்தில் முட்டி நிற்கும். நடுவில் உள்ள தகடு மரத்தைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் தொட்டில் வேலைக்காக வெளியூர்க் கடை ஒன்றில் இழைப்புளி கேட்டபோது, "எல்லா வேலைக்கும் ஆகும்" என்று தட்டை இழைப்புளியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் திருப்பிக் கொண்டுபோனபோது "விற்ற சரக்கைத் திரும்பப் பெற மாட்டோம்" என்ற பலகையைக் காட்டினார்களாம். அந்த ஆசாரிக்குப் போனது இரண்டு நாள் கூலி. கடைக்குப் போனது ஒரு குடும்பத்தின் வாடிக்கை. எது பெரிய நட்டம் என்று கணக்குப் பார்க்க நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி: வளைவு எவ்வளவு? இதற்கு ஆசாரியிடம் வாய்வார்த்தையாகப் பதில் வாங்குவது கடினம். வேலையின் அட்டை மாதிரியைக் கொண்டு வரச் சொல்லுங்கள். அளப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. 10 அங்குல நீளமுள்ள நேரான சட்டத்தை உள்வளைவில் இரு முனையும் படும்படி வையுங்கள். சட்டத்தின் நடுவிலிருந்து மரம் வரை உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இடைவெளி 2 நூல் (கால் அங்குலம்) என்றால் வளைவின் ஆரம் சுமார் 50 அங்குலம். 4 நூல் (அரை அங்குலம்) என்றால் சுமார் 25 அங்குலம். ஒரு அங்குலம் என்றால் 13 அங்குலம். 5 அடி விட்டமுள்ள சக்கரத்தில் வட்டை 5 அங்குல உயரம் என்றால், வெளிப்பக்க ஆரம் 30 அங்குலம், உட்பக்கம் 25 அங்குலம். உட்பக்கத்தை இழைக்க அடித்தகட்டின் வளைவு 25-க்குச் சற்றே குறைவாக, 24 என்ற அளவில் இருக்க வேண்டும். அதைவிட மிகவும் குறைத்தால் இழைப்புளி தொட்டில் போல ஆடும். மரத்தில் அலை அலையாக மேடு பள்ளம் விழும். வெளிப்பக்கத்துக்கு இது தலைகீழ். அடித்தகட்டின் ஆரம் 30-க்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் விலை கூடியது வேண்டாம்

இங்கேதான் வியாபாரியின் நேர்மைக்குச் சோதனை. காம்பஸ் இழைப்புளி விலை கூடியது. விற்றால் நமக்கு லாபமும் கூட. ஆனால் எல்லா ஆசாரிக்கும் அது தேவைப்படாது.

ஒரே அளவுள்ள வளைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவருக்கு மர இழைப்புளியே மேல். நல்ல தகடு ஒன்றை மட்டும் விற்றால் போதும். கருவேலமோ புளியோ எடுத்து உடலைச் செய்து, ஆப்பு வைத்துத் தகட்டை இறுக்கி, அடிப்பாகத்தைத் தன் வேலைக்குத் தகுந்தபடி அவரே வளைத்துச் சீவிக்கொள்வார். நம் ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தது இதைத்தான். கையில் இலகுவாக இருக்கும். கீழே விழுந்தாலும் உடையாது. ஒரே வளைவுக்குத்தான் உதவும் என்பதும், நாளடைவில் அடிப்பாகம் தேய்ந்து வாய் அகன்றுவிடும் என்பதும் அதன் குறைகள். வாய்ப்பக்கத்தில் ஒரு துண்டு மரத்தைப் பதித்துச் சரி செய்துகொள்ளலாம்.

இன்று ஒரு வளைவு, நாளை வேறு வளைவு என்று பல தரப்பட்ட வேலை செய்கிறவருக்குத்தான் திருகு வைத்த இரும்பு ரகம் லாபம்.

ஆரக்கால், நாற்காலிக் கை, கருவிப் பிடி போன்ற ஒடுங்கிய வேலைக்கு இரண்டுமே வேண்டாம். இரு பக்கமும் இறக்கை போலக் கைப்பிடி வைத்த ஸ்போக்‌ஷேவ் போதும். ஆரக்கால் சீவுவதற்கு என்றே பிறந்த கருவி. பெயரிலேயே ஆரக்கால் இருக்கிறது. இதிலும் தட்டை அடி, உருண்டை அடி என இரண்டு உண்டு. தட்டை அடி வெளிவளைவுக்கு, உருண்டை அடி இறுக்கமான உள்வளைவுக்கு. காம்பஸ் இழைப்புளியோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. வீட்டில் சில்லறை வேலை செய்யும் சம்சாரிகூட மண்வெட்டிப் பிடி, கோடாலிப் பிடி சீவ இதை வாங்குவார். இரும்புக் கடையில் வளைவுக் கருவி ஒன்று மட்டும்தான் வைக்க முடியும் என்றால் நான் இதைத்தான் வைக்கச் சொல்வேன்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

பஞ்சாபில் லூதியானா, ஜலந்தர் பகுதிகளில் கைக்கருவித் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. எந்த ஊர்ச் சரக்கானாலும் அட்டைப் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. பெட்டிக்கு ஒன்றாவது பிரித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

திருகைத் திருகும்போது அடித்தகட்டின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே சீராக வளைகின்றனவா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் வளைந்தால் அந்தச் சரக்கைத் தொடாதீர்கள். தகடு அதன் இருக்கையில் ஆடாமல் பதிய வேண்டும். தகட்டுக்கும் அதன் மேல்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மரச்சுருள் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். உடல் வார்ப்பிரும்பானால் சிமெண்டுத் தரையில் விழுந்தால் விரிசல் விடும் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. புதுத் தகடு கடையிலிருந்து போகும்போது அப்படியே வெட்டாது. தகட்டின் பின்பக்கத்தைச் சாணைக்கல்லில் மட்டமாக்கி, சுமார் 25 பாகைச் சாய்வில் தேய்த்து, முனையை 30 பாகையில் தீட்டினால்தான் வெட்டும். இது தெரியாத இளைஞர்கள் "சரக்கு மோசம்" என்று திருப்பிக் கொண்டு வருவார்கள். மின்சாரச் சாணையில் தண்ணீரில் நனைக்காமல் தேய்த்தால் முனை நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த தகட்டில் பதம் போய்விட்டது என்று பொருள். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. இந்த இரண்டு வார்த்தைகளைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லி அனுப்பினால், திரும்பி வரும் சரக்கு பாதியாகக் குறையும்.

மரத்தின் ஓட்டத்தையும் சொல்லலாம். வளைந்த மரத்தில் நார் ஓட்டம் வழியிலேயே திசை மாறும். ஆகவே எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே இழைக்க வேண்டும். உள்வளைவானால் இரு முனைகளிலிருந்தும் நடுவுக்கு, வெளிவளைவானால் நடுவிலிருந்து இரு முனைகளுக்கு. ஒரே இழுப்பாக இழைத்தால் பாதித் தூரத்துக்குமேல் சிம்பு எழும்பி வேலை கெடும். பழுத்த ஆசாரிக்கு இது தெரியும். புதிதாகத் தொழிலுக்கு வந்த பையனுக்குத் தெரியாமல் இருக்கலாம். சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வான்.

பில் போடும்போதும் ஒரு கவனம் வேண்டும். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மண்வெட்டி, கோடாலி போன்றவை 8201 என்ற எண்ணிலும், இழைப்புளி, உளி போன்றவை 8205 என்ற எண்ணிலும் வருகின்றன. இரண்டும் இரும்புச் சாமான்தானே என்று ஒரே எண்ணில் போட்டால் வரி மாறிவிடும். பின்னால் நோட்டீசுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க நேரும்.

மிஷின் வந்த பிறகு இது எதற்கு?

நியாயமான கேள்வி. ரூட்டர் மிஷினும், கம்ப்யூட்டர் வழியாக மரத்தைக் குடையும் சி.என்.சி. மிஷினும் வந்து, ஒரே மாதிரியான வேலைகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் மிஷின் வெட்டிய வளைவிலும் கத்தி சுழன்ற தடம் இருக்கும். பொருத்தும்போது அரை நூல் கூடினால் மறுபடி மிஷினில் ஏற்ற முடியாது. பழைய கட்டிலின் ஒரு சட்டம் உடைந்தால் அந்த ஒரு சட்டத்துக்காக யாரும் மிஷினுக்கு வரைபடம் போட மாட்டார்கள். கடைசிப் பொருத்தமும், பழுது வேலையும், ஒற்றை வேலையும் கைக்கருவிக்கே வருகின்றன. சிற்றூர் ஆசாரிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த வேலைகள்தான்.

அரசும் கைத்தொழிலைக் கைவிடவில்லை. 2024 டிசம்பரில் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் மானியமும் என்று வகுத்தார்கள். இப்படிக் கிடைக்கும் பணத்தில் ஒரு கைவினைஞர் கருவி வாங்க நினைக்கும்போது ஊர்க் கடையில் அந்தக் கருவி இல்லையென்றால், அந்தப் பணம் நம் வாசலைத் தாண்டித்தான் போகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"ஆறு மாதத்துக்கு ஒன்று விற்கும் சரக்கில் முதலை முடக்குவதா?" என்பார்கள். ஒரு கருவியின் அடக்கவிலை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் முழுக்க அலமாரியில் தூங்கினாலும், ரூபாய்க்கு ஒரு பைசா மாத வட்டியில் 240 ரூபாய்தான் செலவு. ஓர் ஆசாரி வீட்டில் மாதம் 4,000 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறார்கள் என்றால் வருடத்துக்கு 48,000 ரூபாய். 240 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 48,000 ரூபாய் வியாபாரத்தை வெளியூருக்கு வழியனுப்பி வைப்பது எந்த ஊர்க் கணக்கு?

இதில் மொத்த வியாபாரிகளுக்கும் பொறுப்பு உண்டு. டஜன் கணக்கில் எடுத்தால்தான் சரக்கு என்று சில்லறைக் கடைக்காரரை நெருக்கக் கூடாது. இதுபோன்ற மெதுவாக விற்கும் கருவிகளை ஒன்று, இரண்டு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். விற்ற பின் பணம் என்ற ஏற்பாட்டுக்கும் இசைய வேண்டும். விற்காததை ஆறு மாதத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

நமது சங்கங்களுக்கும் ஒரு யோசனை. ஒவ்வொரு ஊரிலும் மூன்று நான்கு கடைகள் சேர்ந்து ஒரு மாதிரிப் பெட்டி வைக்கலாம். அதில் காம்பஸ் இழைப்புளி ஒன்று, தட்டை அடியிலும் உருண்டை அடியிலும் ஸ்போக்‌ஷேவ் ஒவ்வொன்று, நல்ல தகடு இரண்டு, சாணைக்கல் ஒன்று இருந்தால் போதும். ஒரு துண்டு வேப்பம் பலகையும் பக்கத்தில் இருக்கட்டும். ஆசாரி கையால் இழைத்துப் பார்த்து வாங்கட்டும். கைப்பேசியில் வாங்குகிறவருக்குக் கிடைக்காத வசதி இது ஒன்றுதான். நம்மிடம் உள்ள பலமும் இதுதான்.

மே 5 வணிகர் தின மேடைகளில் ஆன்லைன் வியாபாரத்தையும் பெரும் நிறுவனங்களையும் கண்டித்துப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் கேட்ட பொருள் கடையில் இல்லை, இருந்தாலும் அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை என்றால், வாடிக்கையாளர் யாருக்காக நமக்குக் காத்திருப்பார்? 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம் மாவட்டமே பெருமைப்பட்டது. நம்மில் எத்தனை கடைகளில் திண்டுக்கல் பூட்டு விற்பனைக்கு இருக்கிறது? அலிகார் பூட்டு மலிவு என்று அதைத்தான் அடுக்கி வைத்திருக்கிறோம். உள்ளூர்த் தொழிலாளி செய்வதை நாம் விற்பதில்லை. அவர் தொழிலுக்கு வேண்டியதையும் நாம் வைப்பதில்லை. பிறகு அவர் நம் கடைக்கு எதற்கு வர வேண்டும்?

அரிசியில் பொன்னி எது, ஐ.ஆர். எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் நாம். புளியைக் கிள்ளிப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுவோம். வெளியூர்க் கிடங்கிலிருந்து பெட்டி அனுப்புகிறவருக்கு இந்தப் பழக்கம் இல்லை. இதே பழக்கத்தை ஆணி, பூட்டு, உளி, இழைப்புளி என்று நாம் விற்கும் எல்லாச் சரக்குக்கும் கொண்டு வந்தால் நம் கல்லா காலியாகாது. அடுத்த சங்கக் கூட்டத்தில் மாதிரிப் பெட்டி யோசனையை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.